கொடிக்கயிற்று வெளிச்சம்

1967 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். விடிய விடியப் பெய்த மழை ஏழு மணிக்கு நின்றிருந்தது. வானம் முழுக்க மெல்லிய மேகம். சூரியன் எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. காற்று இல்லை. கொடியில் இருபத்துமூன்று வெள்ளை விரிப்புகள். அவற்றுக்கு நடுவே முக்காலியில் அக்கா. அவளிடமிருந்து ஏழரை அடி தள்ளி நான். என் ஆயுசில் நான் எடுத்த ஒரே நல்ல படத்தை அந்த நிமிடத்தில்தான் எடுத்தேன்.

மணி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேமராவை இரவல் கொடுத்த வகுப்புத் தோழனிடம் கைக்கடிகாரத்தையும் சேர்த்து இரவல் வாங்கியிருந்தேன். பார்த்ததும் நோட்டில் எழுதினேன். எழுதாத எதையும் நான் நம்புவதில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களில் பலருக்குக் கண்புரை எடுத்திருப்பார்கள். எனக்கு ஒரு கண் ஆகிவிட்டது; மற்றதற்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஏதாவது கோளாறாகிவிட்டால் என்ற பயத்தில் இதை இப்போதே எழுதுகிறேன். நேற்று கைபேசியில் உள்ள படங்களை எண்ணிப் பார்த்தேன். நாலாயிரத்து நூற்றுப் பதினாறு. அதில் முந்நூற்று எட்டு என் கட்டைவிரல். மீதியில் ஒன்றுகூட அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்காது. பெருமையடிக்கிறேன் என்றால் அப்படியே இருக்கட்டும்.

நாங்கள் வீட்டில் நாலு பேர்: அப்பா, அம்மா, பதினேழு வயது அக்கா, பதினோரு வயது நான். துணி வெளுக்கும் குடும்பம். பட்டாளத்துச் சட்டை துவைக்கத் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொண்டுவந்து இறக்கிய ஆட்களின் வழியில் வந்தவர்கள் என்று அப்பா சொல்வார். வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். வீடு மட்டாஞ்சேரியில், மிளகுக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில். துவைக்கிற குளமும் உலர்த்துகிற மைதானமும் போர்ட் கொச்சிப் பக்கம். இடையே என் அந்த வயதுக் காலுக்கு இரண்டாயிரத்து நூற்று முப்பது தப்படி.

எங்கள் கொடியில் கவ்வி கிடையாது. இரண்டு கயிற்றை ஒன்றாக முறுக்கிக் கட்டுவோம். முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் கழன்று வராது. வெயில் நாளில் அந்த மைதானத்துக்குள் நுழைந்தால் கண் கூசும். நீலமும் கஞ்சியும் ஈரமும் கலந்த ஒரு வாசனை, அதற்கு மேல் சிரட்டைக் கரி வாசனை. எத்தனையோ வருடம் கழித்து, கப்பல் கட்டும் இடத்தில் பண்டகசாலைக் கணக்கனாக இருந்தபோதும், புதுத் துணி மூட்டையைப் பிரித்தால் எனக்கு அந்த மைதானம் வந்துவிடும்.

தொழிலில் அப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. "அடுத்தவன் துணியக் கல்லுல அடிக்கலாம், நீலத்துல முக்கலாம், இஸ்திரிப் பெட்டி போடலாம். நம்ம உடம்புல படக்கூடாது, தரையிலயும் படக்கூடாது." ஊரில் எங்களைப் பற்றி வேறு விதமாகப் பேசுகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பிறத்தியார் சட்டையைப் போட்டுக்கொண்டு போவோம் என்று கேலி. அதனால்தான் அப்பாவுக்கு அந்தச் சட்டத்தில் அவ்வளவு பிடிவாதம்.

அந்த வருடம் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். எங்கள் சந்திலிருந்து தேறிய முதல் பெண். எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குப் பாரம் வாங்கி வந்தாள். அதை நிரப்பியதில் ஒரு அடித்தல்கூட இல்லை. முகம் தெளிவாகத் தெரியும் படம் இரண்டு ஒட்ட வேண்டும். கடைசி நாள் ஆகஸ்ட் 14.

கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அக்கா வெளுத்துக் கஞ்சி போட்ட வெள்ளைத் தாவணி கட்டிக்கொண்டு போனாள். ஸ்டுடியோக்காரர் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, தலைக்கு மேலே இரண்டு பெரிய விளக்கைப் போட்டு எடுத்தார். படம் வந்தபோது முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரித்துண்டு நிறத்தில் ஒரு வட்டம்; கண் இருந்த இடம் இரண்டு குழி; முடி திரையோடு கரைந்துபோயிருந்தது. தாவணி மட்டும் பளீரென்று, எங்கள் வெளுப்புக்கு விளம்பரம் போல.

"குட்டி கறுத்திட்டாணு. ஞான் எந்து செய்யும்?" என்றார் அவர். பெண் கறுப்பு, நான் என்ன செய்ய என்று அர்த்தம்.

அம்மா அவரோடு சண்டை போடவில்லை. மறுநாள் அக்காவின் முகத்தில் அரை டப்பா பவுடரை அப்பி மறுபடியும் அழைத்துப் போனாள். இரண்டாவது படத்தில் அக்கா சாம்பல் பூசிய யாரோ ஒருத்தியாக இருந்தாள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

அப்பா இரண்டு படத்தையும் விளக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இத ஒட்டி அனுப்பினா எவன் கூப்பிடுவான்? வேண்டாம், விடு. பெட்டி இருக்கு, கை இருக்கு. நம்ம பிழைப்பு நமக்கு."

"படிப்புக்குத்தானே கேக்குறாங்க, மூஞ்சிக்கா?" என்றாள் அக்கா.

"மூஞ்சிக்கில்லேன்னா எதுக்குடி படம் கேக்குறான்?"

வீட்டில் எல்லோரும் ஒரு தப்பைச் செய்தோம்; நானும் செய்தேன். குறை அக்காவின் நிறத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டோம். அப்பா ஏன் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தார் என்று இந்த வயதில்தான் விளங்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியில் யாரோ சிரிப்பார்கள் என்று பயந்திருக்கிறார். மகள் இஸ்திரி போட்டுக் காலம் கழிப்பது அவருக்கு அதைவிட மேலாகப் பட்டிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அக்கா கதவோரம் மாட்டியிருந்த கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "ஏண்டா, இதுல நான் தெரியுறேனே. கண்ணாடிக்கு மட்டும் எப்படி என்னைத் தெரியுது?"

அவள் வேடிக்கையாகக் கேட்டாள். எனக்கு அது கணக்காகப் பட்டது. அதே முகம், இரண்டு விடை. நடுவில் எங்கோ பிழை இருக்க வேண்டும்.

வகுப்புத் தோழன் மிளகு வியாபாரி வீட்டுப் பையன், குஜராத்தி. அவனிடம் பெட்டிக் கேமரா ஒன்று இருந்தது. அதில் பன்னிரண்டு படம். ஐந்தை அவன் கப்பலுக்கும் காக்காய்க்கும் செலவழித்துவிட்டான். மிச்சம் ஏழு. அவனுடைய வட்டிக் கணக்குகளை ஒரு மாதம் நான் போட்டுத் தருவதாகப் பேசி, கேமராவை வாங்கினேன். கேமராவில் திருகுவதற்கு அதிகம் இல்லை. ஒரு சிறு தாழ்: ஒரு பக்கம் தள்ளினால் வெயில், மறுபக்கம் மேகம். ஏழு அடிக்குக் கிட்டே போகக் கூடாது. சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று ஒரு தாளில் அச்சிட்டிருந்தது.

ஏழையும் எடுத்துத் தீர்த்தேன். தோழன் கழுவக் கொடுத்துப் படங்களைக் கொண்டுவந்தான். நான் நோட்டில் எழுதி வைத்த பட்டியல் இப்போதும் மனப்பாடம். ஒன்று: தாளில் சொன்னபடி சூரியன் என் முதுகில், அக்கா வெயிலில் கண்ணை இறுக்கிப் பல்லைக் காட்டுகிறாள். இரண்டு: நெற்றிக்கு மேலே தலை இல்லை. மூன்று: கொடிக்கம்பம் அவள் உச்சந்தலையிலிருந்து முளைத்திருக்கிறது. நான்கு: உச்சி வெயில், ஸ்டுடியோவில் விழுந்த அதே இரண்டு குழி. ஐந்து: சூரியன் அவள் முதுகில், முழுக் கறுப்பு. ஆறு: நாலடியில் நின்று எடுத்தது; புகை மாதிரி.

அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "ஸ்டுடியோக்காரன் தேவலைடா. அவன் ரெண்டுதான் கெடுத்தான்."

ஏழாவது நான் தெரிந்து எடுத்ததில்லை. ஃபிலிமைத் தீர்க்க வேண்டுமே என்று மேகம் கவிந்த ஒரு மாலையில் சும்மா அமுக்கியது. இரண்டு வரிசை விரிப்புகளுக்கு இடையே அக்கா இடுப்பில் வாளியோடு நடந்து வருகிறாள். படத்தில் அவள் முகம் ஒரு மிளகளவு. ஆனால் அந்த மிளகில் மூக்கு இருந்தது, கன்னம் இருந்தது, இரண்டு கண்ணிலும் உயிர் இருந்தது. தோழன் வீட்டுப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முகத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய வெளிச்சம். சூரியனே இல்லாத நேரத்தில் அது எங்கிருந்து வந்தது? வலப் பக்கம் விரிப்பு, இடப் பக்கம் விரிப்பு.

அன்றிலிருந்து எட்டு நாள் நான் கேமராவைத் தொடவில்லை. அட்டை ஒன்றில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதை ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு கொடிகளுக்கு நடுவே நடந்தேன். அக்கா, அம்மா, குளத்துக்கு வரும் மற்ற வீட்டுப் பெண்கள், எருமை, யாரையும் விடவில்லை. எந்த நேரம், வானம் எப்படி, விரிப்பு எத்தனை அடியில், மூக்கின் நிழல் எந்தப் பக்கம், கண்குழி இருட்டா வெளிச்சமா. மொத்தம் அறுபத்தொரு குறிப்பு.

"உங்க பையனுக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த பெண் அம்மாவிடம் கேட்டாள்.

"ஓட்டை வழியா உலகத்தப் பாக்குறான். பசிச்சா தானா வருவான்."

குறிப்புகளைக் கூட்டிப் பார்த்ததில் சில விஷயங்கள் நிச்சயமாயின. மேகம் வேண்டும்; காலை ஒன்பதுக்குள் வேண்டும். இரண்டு பக்கமும் விரிப்பு, நாலடித் தூரத்தில். ஒரு பக்க விரிப்பைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் கன்னம் உருண்டு தெரிகிறது. இரண்டும் சமமாக இருந்தால் முகம் தோசை போலத் தட்டையாகிறது. முகத்துக்குப் பின்னால் வெள்ளை இருந்தால் முகம் கறுத்துப் போகிறது. ஸ்டுடியோத் திரை போலக் கறுப்பாக இருந்தால் முடி தொலைந்து போகிறது. சாக்கு நிறம்தான் சரி. பளீர்த் தாவணியும் ஆகாது. தோழனின் கிட்டங்கியிலிருந்து மிளகுச் சாக்கு ஒன்று வாங்கி வந்தேன். அம்மாவின் பழைய மாந்தளிர் நிறச் சேலை கிடைத்தது. புது ஃபிலிமுக்கு அக்கா, குறி போட்டுச் சேர்த்த சில்லறையை எடுத்துக் கொடுத்தாள்.

குறி போடுவது அவள் வேலை. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று மூலையில் ஒரு புள்ளியோ கோடோ வைப்பது. அதற்குச் சேங்கொட்டைப் பாலைச் சிரட்டையில் எடுத்து வைத்திருப்போம். எத்தனை முறை கல்லில் அடித்தாலும் அந்தக் கறுப்பு போகாது.

அந்த ஞாயிறு காலை அப்பாவும் அம்மாவும் வெளுத்த மூட்டைகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கப் போயிருந்தார்கள். திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அக்கா மைதானத்தில் முக்காலி போட்டுக் குறி வைத்துக்கொண்டிருந்தாள். நான் சாக்கை அவளுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். அழுக்கு மூட்டைகள் நாலை அடுக்கி, கேமராவை அதன் மேல் வைத்தேன், ஆடாமல் இருக்கட்டும் என்று. எல்லாம் சரி, ஒன்று மட்டும் குறைந்தது. தாடைக்குக் கீழும் கண்குழியிலும் இன்னும் இருட்டு. கீழே இருந்து வெளிச்சம் வேண்டும்.

கொடியிலிருந்து ஓட்டல் விரிப்பு ஒன்றை உருவினேன்.

"டேய், அது ஓட்டல் விரிப்பு. அப்பா தோலை உரிச்சுடுவாரு."

"தரையில போடல. நீ மடியில விரிச்சுப் பிடிச்சுக்கோ."

"மடி உடம்பு இல்லையா?"

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம் பட்டா உடம்பு இல்லையா?"

ஆனாலும் பிடித்துக்கொண்டாள். மடியிலிருந்து முழங்கால் தாண்டி விரிப்பு சரிந்து நின்றது. சட்டென்று அவள் கண் திறந்த மாதிரி இருந்தது. உண்மையில் அது முதலிலிருந்தே திறந்துதான் இருந்தது. முதல் படத்தில் நான் மூச்சு விட்டுவிட்டேன். இரண்டாவதில் அவள் இமைத்துவிட்டாள். "இமைக்காம இருக்க ஏழாம் வாய்ப்பாடு சொல்லு, மனசுக்குள்ள" என்றேன். உதடு அசையாமல் அவள் சொல்லிக்கொண்டு போனாள். ஏழெட்டில் அவள் எப்போதும் தடுமாறுவாள், தெரியும். தடுமாறி, விடை கிடைத்த அந்த நொடியில் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அமுக்கினேன். எட்டு பத்து.

நான்காவதுக்கு ஃபிலிமைச் சுருட்டும்போது அவள் சிரித்துவிட்டாள். முழங்கால் ஆடியது. விரிப்பின் முனை நழுவி, காலடியில் இருந்த சிரட்டைக்குள் விழுந்தது. படச்சட்டத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எட்டு நாள் பயின்றவன், சட்டத்துக்கு அரை அடி வெளியே இருந்த சிரட்டையைப் பார்க்கவில்லை.

உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. மிச்சம் ஒன்பது படத்தை எடுக்க எங்கள் இருவருக்கும் தெம்பில்லை. அந்த ஒன்பது வீணானது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அப்பா வந்தார். விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நான்தான்பா, குறி போடும்போது" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றேன் நானும்.

"ஒரு விரிப்ப நாசம் பண்ண ரெண்டு ஆளு. நல்ல ஒத்துமை."

அடிக்கவில்லை. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தார். உவர்மண் வைத்து இரண்டு தடவை வெள்ளாவியில் வேகவைத்தார். போகாது என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மறுநாள் அந்த விரிப்பைத் தனியாக மடித்து, கறை மேலே தெரிகிற மாதிரி வைத்து, ஓட்டல் மேனேஜரிடம் தானே கொண்டுபோய்க் காட்டினார். உள்ளே மடித்து வைத்திருந்தால் இரண்டு மாதமாவது தெரியாமல் ஓடியிருக்கும். மேனேஜர் புது விரிப்பின் விலையைச் சொன்னார். பதினெட்டரை ரூபாய். அப்பா ஒப்புக்கொண்டு வந்தார். கறைபட்டது எங்களுக்கென்று ஆனது. அதில் படுக்க நாலு பேருக்கும் கூச்சமாக இருந்தது.

"எதுக்கு எடுத்தே விரிப்ப?" என்று அன்று மாலைதான் கேட்டார். சொன்னேன். வெளிச்சம், தாடை, கண்குழி, அறுபத்தொரு குறிப்பு, எல்லாம்.

"அந்த டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல பாக்கணும். அப்புறம் பாரத்தப் பத்திப் பேசலாம். பதினெட்டரை உன் கணக்கு."

ஃபிலிம் கழுவ அதே ஸ்டுடியோதான். பக்கத்தில் வேறு கிடையாது. பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, அப்பா என்னோடு வந்தார். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். மூன்று நாளில் பாரத்தின் கெடு முடிகிறது. இன்னொரு தடவை எடுக்க ஃபிலிமும் இல்லை, பணமும் இல்லை. வழி முழுக்க நான் தப்படி எண்ணவில்லை. அது ஒன்றே போதும், என் நிலைமையை நீங்கள் தெரிந்துகொள்ள.

ஸ்டுடியோக்காரர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஆரா இது எடுத்தது?"

அப்பா என்னைக் காட்டினார்.

"இவனோ? பவுடர் இட்டோ?"

"இல்லை" என்றேன்.

"பின்னே லைட்டு எவிடெந்நா?"

அப்பா உறையை வாங்கிப் படத்தை உருவினார். நான் அவர் முழங்கைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். அக்கா. வேறு யாரும் இல்லை, அக்கா. கறுப்புதான், மழையில் நனைந்த மரம் போல ஆழமான, வழுவழுப்பான கறுப்பு. நெற்றியில் ஒரு மெல்லிய ஒளி, கன்னத்தில் அதைவிட மெல்லியது, இரண்டு கண்மணியிலும் நகக்கண் அளவுக்கு வெள்ளை. முடி சாக்கிலிருந்து தனியாகப் பிரிந்து ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. தலைக்கு மேலே ஒரு விரல் இடம், அளந்து விட்டது. கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தவளின் முகம்.

அப்பா படத்தை ஓரம் மடங்காமல் உறைக்குள் போட்டார். பிறகு ஸ்டுடியோக்காரரிடம் சொன்னார்: "லைட்டு ஓட்டல் விரிப்புல இருந்து. ஒரு விரிப்பு பதினெட்டரை ரூபாய். உங்களுக்குக் கட்டுப்படியாகாது."

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே ஸ்டுடியோவில் கறுப்புத் திரை போய், இரண்டு பக்கமும் வெள்ளை விரிப்பு தொங்கியது. வாரம் ஒருமுறை அவை வெளுக்க எங்களிடம் வந்தன. மூலையில் குறி போட்டது அம்மா. ஏனென்றால் அதற்குள் அக்கா எர்ணாகுளத்தில் இருந்தாள்.

தபாலை நம்பாமல், கடைசி நாள் அப்பாவே படகேறிப் போய்ப் பாரத்தைக் கொடுத்தார். இரண்டு பிரதி, இரண்டையும் அக்கா சோற்றுப் பசையால் ஒட்டினாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அம்மாள் படத்தையும் அக்காவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கேட்டாராம். படம் அவளுக்குச் சீட்டு வாங்கித் தந்தது என்று நான் சொல்லவில்லை. அது அவள் மூளை. அவளுக்கும் மேசைக்கும் நடுவே குறுக்கே நிற்காமல் இருந்தது படம். அதற்கே எனக்கு இத்தனை பெருமை.

மூன்றாவது பிரதி போட்டிருக்க வேண்டும். போடவில்லை, எழுபத்தைந்து பைசா மிச்சம் பிடித்தோம். ஃபிலிம் தோழனின் தகர டப்பாவில் கேமராவோடு இருந்தது. அவர்கள் குடும்பம் பம்பாய்க்குப் போனபோது அதுவும் போயிற்று. நான் ஓட்டை வெட்டிய அட்டையைக் கரையான் தின்றது. ஆக, அந்தப் படம் என்னிடம் இல்லை. முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது வைப்பினில் மகன் வீட்டில் இருக்கும் அக்காவைக் கேட்டால், "மூக்கு பெருசா விழுந்திருந்தது" என்கிறாள். ஐம்பது வருடத்துக்கு மேலாக இதையேதான் சொல்கிறாள். முதல் உதவித்தொகை வந்ததும் விரிப்புக் காசில் பாதியைத் தருவதாகவும் சொன்னாள். மாட்டேன் என்றேன். படம் நான் எடுத்தது, கறையும் என்னுடையது.

அப்பா கணக்கைத் தலையணை உறையில் வைத்தார். பள்ளி இல்லாத ஞாயிறுகளில் நான் இஸ்திரி போட வேண்டும், உறைக்கு இரண்டு பைசா. ஆகஸ்ட் 13-ல் தொடங்கினேன். ஞாயிற்றுக்கு முப்பது. சிரட்டைக் கரியின் சூட்டில் வலது புறங்கையில் இரண்டு இடத்தில் தோல் பொரிந்தது. தடம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா உறைகளைத் திருப்பிப் பார்ப்பார். ஓரம் கோணியிருந்தால் ஒதுக்கிவிடுவார். அது கணக்கில் சேராது. படத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பாராட்டிச் சொன்னதில்லை. ஆனால் புது வாடிக்கை வீட்டில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம், "போட்டோ எடுப்பானே, அவனோட அப்பன்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டார் என்று அம்மா சொன்னாள்.

1968 மார்ச் 10, முப்பத்தோராவது ஞாயிறு, இருபத்தைந்து உறையோடு கணக்கு முடிந்தது. ஃபிலிமும் கழுவியதும் பிரதியும் அக்காவின் காசு. அவற்றை நான் சேர்க்கவில்லை. எனக்கு ஆனது பதினெட்டு ரூபாய் ஐம்பது பைசா. அதாவது, கோணாமல் மடித்த தலையணை உறை தொள்ளாயிரத்து இருபத்தைந்து.